உப்புக்காற்று படாத பக்கங்கள்

பூசாத செங்கல் சுவர். கூரைக்கடியில் மறைக்காமல் ஓடும் இரும்புக் குழாய். கம்பிக் கூண்டுக்குள் எரியும் குண்டு பல்பு. வீட்டு அலங்காரப் பத்திரிகைகளில் இப்போது இதற்கு 'இண்டஸ்ட்ரியல் ஸ்டைல்' என்று பெயர். வழவழப்பான தாளில் முழுப் பக்கப் படமாக வருகிறது. பூசிய சுவரைக் கொத்திச் செங்கல்லை வெளியே எடுப்பவர்களும், கொத்த மனமில்லாமல் செங்கல் போலவே தெரியும் பலகையை வாங்கி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். ராயபுரத்தில் ஹார்பர் சுவருக்கு அருகே ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த வீடு இந்த இலக்கணம் அத்தனைக்கும் பொருந்தும். அந்தச் செங்கல்லை மறைக்கத்தான் என் அம்மா காலமெல்லாம் பாடுபட்டாள். மறைக்க அவள் கைக்குக் கிடைத்தது பத்திரிகைத் தாள்.

வரிசையாக எட்டுக் குடித்தனம். குடித்தனத்துக்கு ஓர் அறை, பத்துக்குப் பத்து. சமையல், படுக்கை, படிப்பு, பூஜை எல்லாம் அதற்குள். நைனா ஹார்பரில் வின்ச் ஓட்டினார். நிலக்கரியும் இரும்புத் தாதும் அப்போது சென்னைத் துறைமுகத்தில்தான் கையாளப்பட்டன. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கொடியில் காய்ந்த வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011-ல் அந்தச் சரக்குகள் எண்ணூருக்குப் போன பிறகுதான் ராயபுரத்து மொட்டை மாடிகள் கொஞ்சம் வெளுத்தன. தூசி எண்ணூருக்குப் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கேயும் கொடி கட்டித் துணி காயப்போடுகிற வீடுகள் இருக்கின்றன.

சுவரில் சுண்ணாம்பு நிற்காது. நீலம் கலந்து தீபாவளிக்கு அடித்தால் பொங்கலுக்குள் ஓதம் ஏறிப் பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் மைதாப் பசை காய்ச்சித் தாள் ஒட்டுவோம். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. செய்தித்தாளைவிடச் 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாள் உசத்தி. தொழிற்சங்க ஆபீசில் அது கட்டுக்கட்டாகக் கிடக்கும். நைனா கேட்டு வாங்கி வருவார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அதுதான் அட்டை, மிச்சம் சுவருக்கு. டிராக்டர், அணைக்கட்டு, ராக்கெட் எல்லாம் பரணுக்கு மேலே போய்விடும். மாஸ்கோவில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் படத்தை மட்டும் அம்மா கண்ணுக்கு நேரான உயரத்தில் ஒட்டினாள். ஜன்னலுக்குத் திரை, மேசையில் பூச்சாடி, பின்னால் புத்தக அலமாரி.

"இவங்க யாரு, பெரிய ஆபீசருங்களா?" என்று நைனாவைக் கேட்டாள்.

"ஆபீசரு இன்னா ஆபீசரு. பட்டறைல வேல செய்றவராம், கீழ எழுதிக்கீது பாரு."

அம்மா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர் வீட்டில் பூச்சாடி இருக்கிறது என்றால் வின்ச்சுக்காரர் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த வாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு குரோட்டன்ஸ் கொம்பு வந்து உட்கார்ந்தது. வீட்டு அலங்காரப் பத்திரிகை எதற்காக விற்கிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தக் கொம்புதான் ஞாபகம் வரும். படத்தில் இருப்பவர் நம் போன்றவர், அவர் செய்தது நமக்கும் கூடும் என்ற எண்ணம் வந்துவிட்டால் வாசகி அந்தப் பக்கத்தை விடமாட்டாள்.

வாரப் பத்திரிகைகள் சைக்கிளில் வந்தன. மாதச் சந்தா கட்டினால் லைப்ரரிக்காரர் வீடு வீடாகப் பத்திரிகை கொடுத்து வாங்குவார். குமுதம், ஆனந்த விகடன், கல்கி, பின்னால் மங்கையர் மலர். எட்டுக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே சந்தா, முறை வைத்துப் படிப்போம். அவர் திரும்ப வாங்க வரும்போது அம்மா வாசலை மறித்து நிற்பாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு ராத்திரி வுட்டுட்டுப் போங்கண்ணே. காலைல கோலம் போட சொல்லோ தந்துடறேன்."

"இன்னாம்மா நீ, காலடிப்பேட்டைல மூணு வூட்ல கேட்டு வெச்சிக்கிறாங்க."

"ஒரே ஒரு பக்கம்ண்ணே. எழுதிக்கிட்டுத் தந்துடறேன்."

விட்டுவிட்டுத்தான் போவார். அம்மா அந்த ஒரு பக்கத்தை, எழுதாமல் மிஞ்சிய பழைய டைரி ஒன்றில் காப்பி எடுப்பாள். தொடர்கதையைக் காப்பி எடுத்ததில்லை. அவள் எடுத்தது வாசகியர் அனுப்பும் குறிப்புகளை. பழைய பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையை வெட்டித் தலையணை உறைக்கு வைப்பது, உடைந்த வளையலைச் சிமெண்டில் பதித்துத் தொட்டி செய்வது, நைந்த லுங்கியில் மிதியடி பின்னுவது. இரண்டு மூன்று வரிதான் இருக்கும். அடியில் எழுதியவரின் பெயரும் ஊரும். அம்மா பெயரையும் ஊரையும்தான் முதலில் படிப்பாள். கும்பகோணம், அம்பாசமுத்திரம், திருச்சி. இந்த ஊர்களில் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் அங்கெல்லாம் தன்னைப்போல் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வரிசையிலிருந்தும் ஒரு குறிப்பு அச்சில் வந்தது. மூன்றாவது குடித்தனத்தில் பர்மா அக்கா இருந்தார். அறுபதுகளில் ரங்கூனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த குடும்பம். 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்ததும் அவர் வீட்டுக்காரர் அங்கே ஒரு சின்னக் கடை வைத்தார். காசிமேட்டில் கிழிந்து கழித்துப்போட்ட நரம்பு வலையை அக்கா கொண்டுவந்து, நன்றாக அலசி, பையாக முடிந்து, வெங்காயத்தைப் போட்டுப் பரணிலிருந்து தொங்கவிட்டிருந்தார். காற்றோட்டம் இருப்பதால் அழுகாது, எலியும் எட்டாது. இதைத்தான் எழுதி அனுப்பினார். அவர் பெயருக்குக் கீழே 'சென்னை-13' என்று அச்சாகி வந்த அன்று எட்டுக் குடித்தனமும் தெருவில்தான் நின்றது. பத்திரிகை அனுப்பிய மணியார்டர் பத்து ரூபாய்க்கு அக்கா எல்லோருக்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கிக் கொடுத்தார். அந்தப் பத்திரிகைக்கு அதற்குப் பிறகு எங்கள் சந்தில் சந்தா இரண்டானது. வியாபாரமாகவே பார்த்தாலும் அந்தப் பத்து ரூபாய்க்கு ஈடான விளம்பரம் ஏது?

அச்சுத் தாளே அலங்காரமாக மாறியதையும் சொல்ல வேண்டும். வாசலுக்குத் திரைத்துணி வாங்க முடியாதவர்கள் தாள்மணித் திரை செய்தார்கள். வழவழப்பான பக்கத்தை அடியில் ஒரு விரற்கடை அகலம், நுனியில் ஒன்றுமில்லாத நீள முக்கோணமாக வெட்ட வேண்டும். அகலமான முனையைச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் வைத்து இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசி இரண்டு விரற்கடைக்கு மட்டும் பசை தடவி ஒட்டி உருவினால் நடுவில் புடைத்து இரு முனையும் ஒடுங்கிய மணி கிடைக்கும். பசையை முதலிலிருந்தே தடவினால் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். வார்னிஷில் முக்கி, காயவைத்து, மீன்பிடி நரம்பில் கோத்து, நடுநடுவே பாசிமணி. ஒரு வாசலுக்கு ஆயிரக்கணக்கில் மணி வேண்டும். மழைக்காலம் முழுக்கச் சுற்றுவோம். சிவப்பு நிறைந்த பக்கம் எங்கே கிடைக்கும், நீலம் எந்த விளம்பரத்தில் இருக்கும் என்று தேடித் தேடி எடுப்பாள் அம்மா. மூர் மார்க்கெட்டில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகள் எடைக்குக் கிடைத்தன. அங்கே வாங்கிய கட்டு ஒன்றில் அமெரிக்க வீட்டுப் பத்திரிகைகள் இருந்தன. பாதியை மணியாகச் சுற்றினோம். குளிர்பதனப்பெட்டியும் குட்டி நாயும் இருந்த படங்களை மனம் வராமல் டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்தோம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தபோது அந்தப் பழைய பத்திரிகைக் கடைகளும் போயின.

கட்டில், அலமாரி, முக்காலி எல்லாம் பேக்கிங் மரம். இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்த பலகை துறைமுகத்தைச் சுற்றியுள்ள மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆணி பிடுங்கிய துளைகளும் வெளிநாட்டு எழுத்துகளும் அதில் இருக்கும். நைனா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அந்த எழுத்தை அழித்து, மேலே ஆரஞ்சு எனாமல் அடித்தார். கப்பல் பலகையில் படுக்கிறோம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்பதில் அவருக்கு அவ்வளவு கவனம். இன்று அதே பலகைக்குப் 'பேலட் பர்னிச்சர்' என்று பெயர். எழுத்து அழியாமல் இருந்தால் விலை கூட. சிவப்புக் காவித் தரையும் அப்படித்தான். சிமெண்டில் ரெட் ஆக்சைடு கலந்து பூசி, தண்ணீர் கட்டிப் பதப்படுத்தி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து மினுங்க வைத்த தரை அது. வெயில் காலத்தில் பாயே வேண்டாம். வீட்டுக்காரர் தொண்ணூறுகளில் அதை உடைத்து வெள்ளை டைல்ஸ் போட்டார். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது எந்த அலங்காரப் பத்திரிகையைப் புரட்டினாலும் காவித் தரையின் அருமையைச் சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைப் பக்குவமாகத் தேய்க்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பத்திரிகைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அழகாக இருக்கின்றன, நானும் வாங்குகிறேன். ஆர்க்கிடெக்சரல் டைஜெஸ்ட் 1920-ல் அமெரிக்காவில் தொடங்கியது; இந்தியப் பதிப்பு 2012-ல் வந்தது. அதிலுள்ள வெளிச்சமும் மரமும் கல்லும் பார்க்கப் பார்க்க அலுக்காது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. அதை மரியாதையாகத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் அந்த வீடுகளில் துவைத்த துணி எங்கே காய்கிறது? மிக்ஸி எங்கே? தாத்தாவின் மருந்துப் பெட்டி, ரேஷன் அரிசிப் பை, பிள்ளையின் புத்தக மூட்டை எங்கே? படம் எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். மனிதர் குடியிருப்பதற்கான தடயத்தை அப்புறப்படுத்திவிட்டு இதுதான் வீடு என்று காட்டினால், பார்ப்பவருக்குத் தன் வீட்டின் மேல் வெறுப்புதான் வளரும்.

என் அக்கா மகள் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் அபார்ட்மெண்ட் வாங்கியிருக்கிறாள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கத்துக்கும் மாடுலர் கிச்சன்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நாங்கள் எட்டுக் குடித்தனம் இருந்த இடத்தைவிட அவள் ஹால் பெரிது என்று சொன்னால் மிகை. ஆனால் எங்கள் ஓர் அறையைவிட அவள் சமையலறை பெரிது. பெருமையாகத்தான் இருக்கிறது. பத்திரிகையில் வந்த ஒரு படத்தைக் காட்டி அதேபோல் செய்யச் சொன்னாள். செய்தார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அலமாரிக் கீல்களில் துரு. சிங்க்குக்குக் கீழே எம்.டி.எஃப். பலகை ஊதிக் கதவு மூடவில்லை.

"சித்தி, படத்துல இருக்கற மாதிரியேதான செஞ்சேன்? ஏன் இப்டி ஆச்சு?" என்று கண் கலங்கினாள்.

பழுது பார்க்க வந்த தம்பி எண்ணூர்க்காரர். கீலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "அக்கா, இங்கேர்ந்து கடல் எவ்ளோ தூரம்? 202 ஸ்டீலு இந்த உப்புக்காத்துல நிக்காது. 304-கூடப் புள்ளி வெக்கும். 316 கேட்டு வாங்குங்க. பலகைக்கு மரைன் ப்ளைவுட். இது ரெண்டையும் சொல்லாம வேற எதச் சொன்னாலும் வேஸ்ட்டு."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 316 எஃகில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அரிப்பதை அது தாங்கும். சுவருக்கும் இதே கதைதான். உப்பு, கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி காரையைத் தள்ளிப் பெயர்க்கும். ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தப் பழைய அடுக்குமாடியிலும் கூரையைப் பார்த்தால் பல்லைக் காட்டும் கம்பி தெரியும். எங்கள் கரையில் வீட்டு அலங்காரம் அங்கேதான் தொடங்குகிறது. கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும், கிரில்லுக்கு எத்தனை கோட் ப்ரைமர், திரைக்கு எந்தத் துணி போட்டால் கரித்தூள் ஒரே அலசில் போகும் என்று எழுதும் பத்திரிகை வந்தால் அதை எங்கள் பெண்கள் பைண்டு செய்து வைப்பார்கள்.

பத்திரிகை அப்படி இருக்க முடியுமா என்றால், இருந்திருக்கிறது. அமெரிக்காவில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் எட்வர்ட் போக் 1895 முதல் நடுத்தரக் குடும்பத்துக்கான வீட்டு வரைபடங்களை வெளியிட்டார். முழு வரைபடம் வேண்டுமென்றால் ஐந்து டாலர் அனுப்பினால் போதும். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டின் வீட்டு வரைபடமும் 1901-ல் அதில் வந்தது. பக்கத்தில் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இருந்தார். செலவைக் குறைத்து வீடு கட்டுவது எப்படி என்று தாமே படம் வரைந்து, கையெழுத்திலேயே சின்னப் புத்தகங்களாகக் கொடுத்தார். செங்கல்லை நிறுத்திவைத்து உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் கால்வாசிச் செங்கல் மிச்சம், வீடும் குளிரும். அவர் பூசாமல் விட்ட செங்கல்லுக்குக் காரணம் இருந்தது. பூச்சுச் செலவு மிச்சமாகும் என்பதுதான் அது. ஏழை வீட்டின் சிக்கனத்தை அழகாக்கிக் காட்டியவர் அவர். அதே செங்கல்லை இன்று காசு கொட்டி ஒட்டுகிறார்கள்.

தமிழில் அந்த வேலையை எட்டணா, ஒரு ரூபாய்ப் பெண்கள் பத்திரிகைகள் அவற்றின் அளவில் செய்தன. 1998-ல் அவள் விகடன் வந்தபோதும் வாசகியர் பக்கங்களுக்குத் தனி மவுசு இருந்தது. 2020 ஊரடங்கில் கல்கியும் மங்கையர் மலரும் அச்சை விட்டு இணையத்துக்குப் போயின. இப்போது அக்கா மகள் போனில் விரலால் தள்ளத் தள்ள வீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றையும் அவள் டைரியில் எழுதுவதில்லை. எழுத அதில் எதுவும் இல்லை. அளவு இல்லை, விலை இல்லை, செய்தவளின் ஊர் இல்லை. பொருளை வாங்கும் பொத்தான் மட்டும் இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளுக்குள்ளும் புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நான் போயிருந்தேன். இடுப்பு உயரத்தில் சுவரைச் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு. போன பொங்கலுக்கு ரோஜா நிறம் அடித்த சுவர். ஷோகேஸில் பொம்மைகளின் பாதிவரை பிசின். ஒரு பெண் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து, பிறகு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, பிறகு சுண்ணாம்பு பூசிப் பார்த்தார். மறுநாள் கறை வெளியே வந்து நின்றது. அடுத்த வீட்டம்மா முதலில் பிரைமர் அடித்துக் காயவிட்டுப் பிறகு வண்ணம் அடித்திருந்தார். அங்கே கறை அடங்கியிருந்தது. இதை அவர்கள் வாசலில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த இரண்டு வரியை, அவர் பெயரோடும் ஊரோடும், எந்தப் பத்திரிகையாவது அச்சிட்டிருந்தால் அந்த மாதம் எண்ணூர் முழுக்க அதைத் தேடி வாங்கியிருக்கும்.

வீட்டு அலங்காரப் பத்திரிகை நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்கிறேன். ஆண்டுக்கு ஓர் இதழாவது எங்கள் பக்கம் வந்து எடுங்கள். காசிமேட்டில் ஓர் அறையில் ஆறு பேர் இடித்துக்கொள்ளாமல் வாழும் வீடு இருக்கிறது. எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் மாடிப்படி வளைவையே பிள்ளைகளின் படிப்பறையாக மாற்றியவர்கள் இருக்கிறார்கள். கத்திவாக்கத்தில் அனல் மின்நிலையச் சாம்பல் பறந்த காலத்திலும் வாசலில் செம்பருத்தி வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். எதையும் ஒதுக்கிவைக்காமல் படம் எடுங்கள். துணி காயும் கொடியும் படத்தில் இருக்கட்டும். அளவு போடுங்கள், என்ன செலவு என்று போடுங்கள், யார் செய்தது என்று பெயரும் ஊரும் போடுங்கள். வாசகிகளுக்கு ஒரு பக்கம் திருப்பிக் கொடுங்கள். குறிப்பு அனுப்ப எங்களிடம் ஆளிருக்கிறது.